மூன்று தட்டினால் நிறுத்து

ஓடாத கார் சூடாறிக்கொண்டிருந்தது.

குசினி யன்னலோரம் நின்று பாரை மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த பஹ்மியாவுக்கு முதலில் அது உறைக்கவில்லை. தூரப் பயணம் போய் வந்து நிறுத்திய வாகனத்தின் அடியில், இரும்பு ஆற ஆற, டிக்... டிக்... என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான். மீனைப் புரட்டி மற்றப் பக்கத்தைச் சுரண்டத் தொடங்கிய பிறகுதான் கை நின்றது. அந்தக் கார் தங்கச்சியின் கல்யாணத்துக்கு முந்தியே ஓட்டத்தை விட்டுவிட்டது. முன்பக்கம் முழுவதும் கழன்று கிடக்கிறது. அதில் சூடாகி ஆறுவதற்கு என்ன இருக்கிறது?

கையைக் கழுவிவிட்டுப் பக்கத்துக் கொட்டிலுக்குப் போனாள். தகரக் கூரைக்குக் கீழே குறுக்காகப் போட்ட இரும்பு வளையிலிருந்து, கராஜ் வைத்திருக்கும் அஸாம் நானாவிடம் இரவல் வாங்கிய, பாரம் தூக்கும் செயின் புளொக் தொங்கியது. அதன் கொக்கியில், காரின் திறந்த முன்பக்கத்துக்கு மேலே, இறைச்சிக்கடையில் மாட்டிய தொடை போல, அந்தப் பழைய லான்சரின் இஞ்சின். தொட்டாள். குளிர்ந்துபோய் இருந்தது. சத்தமும் நின்றது.

சுவரோரம் சாக்கின் மேல் புருசன் நஸ்ரியின் புதுச் சாமான் கிடந்தது. ஹெடர்ஸ். இஞ்சினின் புகையை வாங்கி வெளியே தள்ளும் நான்கு குழாய்கள், வளைந்து வளைந்து கீழே போய் ஒரே வாயாகச் சேர்கின்றன. இதைப் பூட்டினால் கார் உறுமும், பறக்கும் என்று நஸ்ரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். பஹ்மியா குனிந்து அதில் ஒன்றைத் தொட்டாள். தொட்ட கையை எடுத்துவிட்டாள். வெயில் எட்டிப் பார்க்காத மூலை அது. ஆனாலும் குழாய் சூடாக இருந்தது. சுடும் சூடில்லை, ஆளின் உடம்புச் சூடு. காய்ச்சல்காரனின் வாயிலிருந்து வருவது போல ஒரு மணமும் வந்தது.

இதை நஸ்ரியிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவனோடுதான் கதை பேச்சு இல்லையே.

கல்யாணம் கிண்ணியாவில். கூடப் பிறந்த ஒரே தங்கச்சி. அந்தக் கிழமை பார்த்துத்தான் இந்த மனிசனுக்குக் காரைக் கழற்றத் தோன்றியது. இஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்டுகள் நைந்துவிட்டனவாம், புதிதாய்ப் போட வேண்டுமாம், ஒரு பகலில் முடியுமாம். முடிந்த சீர்தான் தெரிகிறதே! அவள் பட்டுச் சாறியோடு, வட்டிலாப்பச் சட்டியை மடியில் ஏந்திக்கொண்டு, கிண்ணியா பஸ்ஸில் நசுங்கிப் போனாள். "மச்சான்ட கார் எங்க?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது அவளுக்குத் தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது. வீடு வந்து சொன்ன கடைசி வார்த்தை, "இனி உங்களோட எனக்குக் கதை இல்ல." சொன்னபடியே நடந்தும் காட்டினாள். பிடிவாதத்தில் அவளை வெல்ல அந்த உட்துறைமுக ஒழுங்கையில் ஆள் கிடையாது.

நஸ்ரி குசினி வாசலில் வந்து நின்றான். அவளைப் பார்க்காமல், அம்மிக்குப் பக்கத்தில் மீன் தலைக்குக் காத்திருந்த பூனையைப் பார்த்தான்.

"பூனையாரே, ஆராச்சும் வந்து செயினப் புடிச்சா வேல லேசா முடியும். அஸாம் நானா ஜும்ஆத் தொழுக முடிஞ்சாத்தான் வருவார்."

"பூனை, அவருக்குச் சொல்லு," என்றாள் பஹ்மியா. "ஜும்ஆவுக்குப் போறவங்க இந்நேரம் குளிப்பாங்க. காருக்கு அடியில படுக்க மாட்டாங்க."

"பாங்கு சொல்ல முந்தி முடிச்சிருவன் எண்டு சொல்லு பூனை."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. நஸ்ரிக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலின் அடித்தட்டில் நிற்பவன் கத்தினால் மேலே பாரந்தூக்கியில் இருப்பவனுக்குக் கேட்காது. இரும்பில் தட்டித்தான் சொல்வார்கள். அதையே பூனைக்குப் படிப்பித்தான்.

"ஒரு தட்டு தட்டினா மேல. ரெண்டு தட்டினா கீழ. மூணு தட்டினா நிப்பாட்டு. மேல நிக்கிறவங்க கேள்வி கேக்கப்படாது. தட்டினாச் செய்ற, அவ்வளவுதான்."

அவளுக்குப் பெரிய ஆறுதல். வாயைத் திறக்காமலே உதவி செய்துவிடலாம். குழாயின் சூட்டைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன சொல்வான்? காரைக் கண்டால் உனக்கு ஆகாது என்பான். விழுங்கிக்கொண்டாள்.

முதலில் அவன் மேலேயிருந்தே ஹெடர்ஸை இஞ்சினில் வைத்துப் பூட்டினான். நட்டுகளை இறுக்கும்போது இரண்டு தரம் கையை உதறி, உள்ளங்கையை முகர்ந்து பார்த்தான். பிறகு பார்சல் வந்த மட்டையைப் பிரித்து நிலத்தில் விரித்து, மல்லாக்கப் படுத்து, இஞ்சினுக்குக் கீழே நகர்ந்து போனான். பஹ்மியா நின்ற பக்கத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும், றப்பர்ச் செருப்பும் மட்டும் தெரிந்தன.

ணங். மேல். அவள் செயினை இழுத்தாள், கடகடவென்று இஞ்சின் ஒரு விரற்கடை உயர்ந்தது. ணங், ணங். கீழ். மற்றப் பக்கச் செயினை இழுத்தாள். ணங், ணங், ணங். நிறுத்தினாள். ஒரு மவுண்ட் துளைக்கு நேரே வந்தது. கீழேயிருந்து திருப்தியாய் ஒரு செருமல் கேட்டது. இவ்வளவு நாளும் கதைத்துக் கதைத்து முட்டிக்கொண்ட இருவரும், கதைக்காமல் எவ்வளவு ஒற்றுமையாய் ஒரு வேலை செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, சீனி காணுமா என்று கேட்டுவிடலாம். அதோடு கோபத்தை முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பாங்கு சொன்னது. ஒழுங்கையில் படலைகள் திறந்து மூடின. வெள்ளைச் சாரன்களும் அத்தர் வாசமும் பள்ளிப் பக்கம் நடந்து போயின. நஸ்ரி வெளியே வரவில்லை. வருவான் என்று அவள் எதிர்பார்த்தது அவளுடைய மடத்தனம். அந்த ஊர் வீதிகளில் ஆடு போலத் திரிகிற, நிழலில் படுத்திருந்த மான்கள் எழுந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கடற்கரைப் பக்கம் போய்விட, வீதி வெறுமையாயிற்று. உச்சி வெயிலில் தகரம் நெளிந்து முனகியது. சீனக்குடாப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.

இரண்டு தட்டு. அவள் இறக்கினாள். இரண்டு தட்டு. இறக்கினாள்.

"பஹ்மியா!" மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கோணேஸ்வரி அக்காவின் தலை தெரிந்தது. கையில் பிழிந்த உடுப்பு. "அஸாமும் வந்திட்டாரே?"

"இல்லக்கா. இவர் மட்டுந்தான்."

"ரெண்டு பேர் தட்டுற மாதிரியெல்லோ கிடக்கு. ஒண்டு கீழ கேக்குது. மற்றது..." அவர் காதைச் சாய்த்துப் பார்த்தார். முகம் ஒரு மாதிரியாய்ப் போனது. "என்னவோ. எனக்குத் தலையிடி, நான் போய்ப் படுக்கப் போறன்." கதவு சாத்தும் சத்தமும் கேட்டது. கொண்டியும் விழுந்தது.

பஹ்மியா இப்போதுதான் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஓம், இரண்டு சத்தங்கள். ஒன்று ஸ்பெனர் இரும்பில் படும் ணங். மற்றது அதைவிட மெதுவானது, மொத்தையானது. எலும்பால் தட்டுவது போல. கீழேயிருந்தல்ல, இஞ்சினுக்கு உள்ளேயிருந்து. இவ்வளவு நேரமும் எதற்குச் செயினை இழுத்தாள்? இரண்டுக்கும்தான்.

டொக், டொக்.

இறக்கினாள். கை பழகிவிட்டது.

ணங், ணங், ணங்.

நிறுத்தினாள்.

டொக், டொக்.

சே! மனம் ஒரு நிலையில் நில்லாத மனிசன். நிறுத்து என்பான், இறக்கு என்பான். காரைக் கழற்றுவான், கல்யாணம் முடியும்வரை பூட்டமாட்டான். ஜும்ஆவுக்குப் போவேன் என்பான், போகமாட்டான். எல்லா எரிச்சலும் கைக்கு வந்தது. செயினை வெடுக்கென்று இழுத்து, கேட்டதற்கு மேலேயே ஒரு பிடி இறக்கினாள்.

ணங்ணங்ணங். ஓட்டமாய்.

பிறகு ஸ்பெனர் சீமெந்தில் விழுந்து உருண்டு, எங்கோ முட்டி நின்றது.

அவள் காலைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே முழுவதும் தெரிந்த கால்கள். இப்போது பாதிதான் தெரிந்தன. எட்டாத இடத்துக்கு உள்ளே நகர்ந்திருப்பான். அப்படித்தான் இருக்கும்.

டொக், டொக்.

அவள் செயினைத் தொடவில்லை. ஆனால் கடகட என்றது. தன் கைதானா? கை செயினில்தான் இருந்தது. கணுக்கால் மட்டும் தெரிந்தது.

டொக், டொக்.

அவசரமே இல்லாத தட்டு. நஸ்ரி ஒருநாளும் பொறுமையாய்த் தட்டியதில்லை. பாத்றூம் கதவைக்கூடப் பொறுமையாய்த் தட்டத் தெரியாத மனிசன்.

காய்ச்சல் மணம் கொட்டில் முழுவதும் நிரம்பிவிட்டது. வாயைத் திற, பஹ்மியா. கேள். ஒரு சொல். விடவில்லை அவளுடைய ரோசம். பெரிய ரோசம். மயிர் ரோசம்.

"இஞ்சாருங்க."

செயினை விடாமல் குரலை உயர்த்தினாள்.

"இஞ்சாருங்க, சரியா? தூக்கவா?"

தகரம் முனகியது. பள்ளியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கி தூரத்தில் இரைந்தது. ஒழுங்கையில் கூப்பிட்டால் ஓடிவர ஓர் ஆண்பிள்ளை இல்லை.

"நஸ்ரி!"

பெயர் சொல்லி அவள் அவனை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

செருப்புகள் இரண்டும் பக்கம் பக்கமாய்த் தட்டையாய்க் கிடந்தன. காலில்லை.

அவள் பாய்ந்து மேலே தூக்கும் செயினை இழுத்தாள். ஒரு பிடி. இஞ்சின் எழும்பியது.

டொக்டொக்டொக்.

இன்னொரு பிடி.

டொக்டொக்டொக். டொக்டொக்டொக்.

இது அந்த மெதுவான தட்டல்ல. இது ஓட்டமாய். இது பொறுமையில்லாத ஆள். நோகுது, இழுக்காதே என்கிற தட்டு. அவளுடைய கை செயினிலிருந்து தானாகக் கழன்றது.

செயின் புளொக் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் முழங்காலில் விழுந்தாள். பிறகு மல்லாக்கப் படுத்து, அவன் போன வழியே உள்ளே நகர்ந்தாள். மட்டை ஈரம். ஒரு முதுகின் அளவுக்கு வேர்வை இன்னும் ஊறிக் காயாமல் இருந்தது. சேர்ட்டிலிருந்து நூலோடு அறுந்த தெறி ஒன்று கிடந்தது. இரத்தமில்லை. ஒரு துளி இல்லை. நிலம் வெறுமை.

முகத்துக்கு நேரே ஹெடர்ஸ். நான்கு குழாய்களும் சேர்ந்து முடியும் அந்த ஒற்றை வாய். ஒரு சின்னத் தேசிக்காய் மட்டுமே போகும் அளவு.

அதற்குள்ளிருந்து விரல்கள்.

நான்கு விரல் நுனிகள், ஒன்றோடொன்று நெருக்குப்பட்டு. நகத்துக்குள் கிறீஸ். நடுவில் நசுங்கிய வெள்ளி மோதிரம். குழாயின் விளிம்பில் தட்டின. மூன்று.

"ஓம், ஓம், நிப்பாட்டிட்டன்," என்றாள். "நிப்பாட்டிட்டன், நான் ஒண்டும் செய்யல்ல. கேக்குதா? நான் கதைக்கிறன். இஞ்ச பாருங்க, நான் உங்களோடதான் கதைக்கிறன். கோவமெல்லாம் போயிட்டு. ஒண்டு சொல்லுங்க, ஒரு சொல்லு..."

விரல்களைப் பிடித்தாள். சூடாக இருந்தன. அவை அவளின் உள்ளங்கையை விளிம்பு என்று நினைத்தோ என்னவோ, அதில் தட்டின. மூன்று.

குழாய்க்குள், வெகு உள்ளே, விரல்களுக்கும் பின்னாலே, வேறொன்று தட்டியது. இரண்டு.

மேலே, ஆள் தொடாத செயின் ஒரு கண்ணி இறங்கியது.

மறுபடி இரண்டு. மறுபடி ஒரு கண்ணி. இஞ்சினின் அடிப்பாகம் அவளின் நெற்றியில் கிடந்த முக்காட்டுத் துணியைத் தொட்டது. வெளியே நகர்வதற்கு இடமிருந்தது. கையை விட்டால் போதும். விரல்கள் உள்ளங்கையில் மூன்று தட்டின, மூன்று தட்டின, மூன்று தட்டின. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.