மாரப்பன் கட்டிய காப்பு

பொன்னிலம் குடியிருப்பின் படிக்கட்டு மணி பன்னிரண்டு கதவு எண்களை வரிசையாக ஒப்பித்தபோது சுகந்தி ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"இரண்டு-ஆ, மூச்சுக் குறைவு. இரண்டு-ஈ, மூச்சுக் குறைவு. மூன்று-அ, மூச்சுக் குறைவு..."

மூன்று-அ அவள் வீடு. மூச்சுக் குறைந்து கிடப்பதாகச் சொல்லப்பட்ட அவள் கணவன் தண்டபாணி எதிரே உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான்.

"என்னையவா சொல்லுது?"

"சும்மா இருங்க. மாரப்பண்ணனுக்கு என்னவோ ஆயிருச்சு." அடுப்பை அணைத்தாள்.

மூச்சுக்காப்பு நல்ல எண்ணத்தில் வந்த பொருள்தான். முதுகு அறுவை, மூட்டு அறுவை என்று அபினி வழி வந்த வலி மாத்திரையைத் தொட்டவர்கள் விட முடியாமல் தவித்தார்கள். அளவு கொஞ்சம் கூடினால் போதும், உடம்பு மூச்சுவிடவே மறந்துவிடும். அதனால் மாத்திரை தின்கிற ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் அரசு ஒரு காப்பை மாட்டியது. மூச்சு தளர்ந்தால் மணி கதவு எண்ணைச் சொல்லும். பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தார் மூக்குமருந்தோடு ஓடி, ஒரு பீச்சு பீச்சி உயிரை மீட்பார்கள். ஞாயிறுதோறும் நடக்கும் மீட்பு வகுப்புக்குச் சுகந்திதான் ஆசிரியை.

ஒரே சங்கடம், மணி கதவு எண்ணைச் சொல்லி, எந்த வீட்டில் மாத்திரை என்று ஊருக்கே காட்டிக்கொடுக்கிறது. அந்த வேலையை அதற்கு முன் இரண்டு-ஆ கோகிலவாணி சம்பளமில்லாமல் பார்த்து வந்தாள். மணி முதன்முதலாக அடித்த அன்று ஓடிப்போய் ஒருவரைக் காப்பாற்றியவளும் அவள்தான். கீரைக்காரி முதல் கேபிள்காரர் வரை சேதி சொன்னவளும் அவள்தான். வெற்றிலை பாக்கு மாற்றவிருந்த அந்த வீட்டுப் பெண்ணின் சம்பந்தம் முறிந்தது. பிழைத்தவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்.

அதன்பிறகு யாருக்கோ அந்த யோசனை உதித்தது. யாருக்கு என்று கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கோயில் நோன்பித் திருவிழாவுக்கு ஊருக்காக ஒருத்தர்தானே காப்புக் கட்டிக்கொள்கிறார்? காவலாளி மாரப்பன் பீடி தொடாதவர், நெஞ்சு நிறைய மூச்சு உள்ளவர். கைக்குட்டையில் சுற்றிய காப்புகள் ஒவ்வொன்றாக அவர் தங்கும் பம்பு அறைக்கு இறங்கின. மாரப்பன் அவற்றை இரண்டு கணுக்காலிலும் மாட்டி, பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். முழங்கால் வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னதற்கு வீட்டுக்கு வீடு ரெண்டு வலி மாத்திரை கொடுத்தார்கள். ஆசிரியை வீட்டிலிருந்தும் போயிற்று.

பன்னிரண்டு பேர் ஒரே தாளத்தில் மூச்சு விடுவதைப் பார்த்த தலைமை மையம் சந்தேகப்படவில்லை. 'மனம் ஒன்றிய குடியிருப்பு' என்று சான்றிதழ் அனுப்பியது.

சுகந்தி கதவைத் திறந்தால் வாசலில் மூக்குமருந்தும் கையுமாகக் கோகிலவாணி. முறைப்படி மூன்று-அ அவள் பொறுப்பு.

"ஏனுங்க்கா, மூச்சில்லைன்னு மணி கத்துது, உள்ள முறுக்குச் சத்தம் கேக்குது?" கண் தண்டபாணியின் வெறும் மணிக்கட்டுக்குப் போயிற்று. "காப்பு எங்கீங்ண்ணா?"

"முதல்ல உங்க கதவைத்தானே சொல்லுச்சு? உங்க மாமனாரு எப்படி இருக்கறாரு?"

"அவரா? சீரியல் பாத்துட்டிருக்கறாரு," என்ற கோகிலவாணிக்குக் குரல் இறங்கிவிட்டது.

எல்லா மாடியிலும் இதே கூத்து. கதவு தட்டுகிறவர்களும், "எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று கத்துகிறவர்களும் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் எங்கே ஓட வேண்டும் என்று தெரியும். வேறொருவர் முதலில் ஓடட்டும் என்று பன்னிரண்டு வீடும் காத்திருந்தது. மணி நிற்கவில்லை.

செயலாளர் சிவசாமி கையை உயர்த்தினார். "மிசின் கோளாறுங்க. மையத்துக்குச் சொல்லி அணைச்சுப் போடலாம்."

அவர் விரல் மணியின் பொத்தானுக்குப் போவதைச் சுகந்தி பார்த்தாள்.

"அணைக்காதீங்க! எங்க வீட்டுக் காப்பு மாரப்பண்ணன் கால்ல கிடக்குது!"

சிவசாமி படியை மறித்து நின்றார்.

"உங்க வீட்டுதும் அங்கதான் கிடக்குது, செயலாளரே. வழியை விடுங்க!"

பம்பு அறை வாசலில் துணி தேய்க்கிற சரசு இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தாள். "மெதுவாப் போங்கக்கா. அண்ணன் அசந்து தூங்குது. குறட்டை கேக்குதில்ல?"

அது குறட்டை இல்லை. 'குறட்டைன்னு நினைச்சு விட்டுட்டுப் போயிராதீங்க' என்று சுகந்தி வாராவாரம் தொண்டை கிழியச் சொல்வது அந்தச் சத்தத்தைத்தான். மாரப்பனின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது.

"மாரப்பண்ணா!" கைவிரல்களை மடக்கி முட்டியால் நெஞ்செலும்பில் தேய்த்தாள். அசைவில்லை. தலையைச் சாய்த்து மூக்கில் மருந்தைப் பீச்சினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு ஏறியது, இறங்கியது, தானாக ஏறவில்லை. மறுபடி ஊதினாள். மறுபடி.

"இன்னொண்ணு குடுங்க!"

மற்றவர்களோடு பின்னாலேயே ஓடிவந்திருந்த கோகிலவாணி தன்னுடையதை நீட்டினாள். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டாவது பீச்சுக்குப் பிறகும் சுகந்தி ஊதிக்கொண்டே இருந்தாள். தன் வீட்டு மாத்திரையோ, எதிர்வீட்டு மாத்திரையோ, எது இவரைப் படுக்க வைத்தது என்று யோசிக்கவும் நேரமில்லை. பிறகு, கிணற்று வாளி தண்ணீரை அறைந்ததுபோல ஒரு சத்தத்தோடு மாரப்பன் காற்றை இழுத்தார். கணுக்கால்களில் பன்னிரண்டு சிவப்பு விளக்குகளும் பச்சையாயின.

அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கண் திறந்ததும் அவர் பேண்ட்டை இழுத்துக் கால்களை மறைக்கப் பார்த்தார். "யாரூட்டுக் காப்பும் கழண்டு போகலீங்களே, அம்மிணி?"

படிக்கட்டு மணி தேன் குரலில் பேசியது.

"பொன்னிலத்துக்கு வாழ்த்துகள். பன்னிரண்டு உயிர்கள் மீட்கப்பட்டன. மூக்குமருந்தின் வேகம் தணிந்தால் மூச்சு மறுபடி நிற்கலாம். பக்கத்தில் ஆள் இருப்பது கட்டாயம். சுகந்தி, இரண்டு-ஆ. கோகிலவாணி, மூன்று-அ. சிவசாமி, நான்கு-இ..."

"மையம் பாத்துட்டிருக்கும். அவங்கவங்க இடத்துக்குப் போயிருங்க," என்றார் சிவசாமி, ஆறுதலடைந்த குரலில். செருப்புகள் படியேறத் தொடங்கின. சீரியல் பார்க்கிறவருக்கும் முறுக்கு கடிக்கிறவருக்கும் காவலிருக்க.

சுகந்தி தரையில் உட்கார்ந்து மாரப்பனின் நெஞ்சில் கை வைத்தாள். மூச்சு இருந்தது, மெதுவாக இருந்தது.

"மையமே, மாரப்பன் பக்கத்துல யாரைப் போட்டிருக்கீங்க?"

மணி ஒரு கணம் தேடியது.

"மன்னிக்கவும். அந்தப் பெயரில் மூச்சு எதுவும் பதிவில் இல்லை."