ஏழு வாரச் சுழியம்

ஞாயிற்றுக்கிழமை காலை மெர்சலின் ஒரு பெட்டி மக்ரூனோடு தூத்துக்குடி வான்தொடர்பு நிலையத்துக்கு வந்தாள். பலகையில் அவள் கணவன் லியோன் பெயருக்கு நேரே ஏழாவது வாரமாகச் சுழியம் எரிந்தது. அதிசயமாக, மற்ற முப்பது பெயர்களுக்கும் சுழியம்தான்.

"இன்னைக்கு எல்லா வீட்லயும் சமாதானம்" என்றாள், அவளைப் போலவே கணவனின் செய்திக்குக் காத்திருந்த விமலா. "மெர்சலினுக்கு வயிறு எரியும்."

"எரியட்டும். நீ மக்ரூனைத் தின்னு, விமலாக்கா" என்று மெர்சலின் பெட்டியை நீட்டினாள்.

வியாழனின் யூரோப்பா நிலாவில் ஊர் ஆண்கள் வேலை செய்யும் பனிச்சுரங்கத்திலிருந்து முழுப் படத்தை அனுப்ப வழியில்லை. அதனால்தான் முன்னுணரி. புறப்படுவதற்கு முன் மூன்று மாதம் ஒவ்வொரு ஆணையும் படம்பிடித்து அதற்குப் பழக்கியிருந்தார்கள். பூமியில் ஒன்று, மேலே ஒன்று. மனைவியின் செய்திக்குக் கணவன் என்ன சொல்வான், எங்கே சிரிப்பான் என்று இரண்டும் ஒரே மாதிரி ஊகிக்கும். அவன் ஊகத்திலிருந்து விலகினால், அந்த விலகல் மட்டும் பூமிக்கு வரும். பத்து நிமிடப் படம் பன்னிரண்டு பைட்டில் அடங்கிவிடும். ஆனாலும் தாடியில் ஒவ்வொரு முடியும் தெரியும்.

யாருக்குக் குறைந்த பைட் வருகிறதோ அவளே புருஷனைப் புரிந்தவள் என்று ஊரில் ஒரு பேச்சு. எண் கூடினால், "என்ன சண்டை?" என்பார்கள்.

மெர்சலின் அறைக்குள் போய் அமர்ந்தாள். திரையில் லியோன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"சாப்பிட்டியா மெர்சி? உங்கப்பா காலு எப்படி இருக்கு?"

போன வாரம்தான் அப்பா வழுக்கி விழுந்ததைச் சொல்லியிருந்தாள். மறக்கவில்லை. அவள் கண் கலங்கியது.

கதவைத் தள்ளிக்கொண்டு நிலையத்தின் கருவிகளை இயக்கும் இசக்கிமுத்து எட்டிப் பார்த்தான். கையில் தடித்த கேபிள்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. அலைவாங்கியைத் துடைக்கக் கழட்டினேன். இனிமேதான் மாட்டணும்."

"அப்ப இவுக எப்படிப் பேசுறாக?"

இசக்கி திரையைப் பார்த்தான். லியோன் காதைச் சொறிந்தபடி பேசிக்கொண்டிருந்தான். இசக்கி ஓடிப்போய்க் கேபிளை மாட்டினான். கூடத்தில் எண்கள் மாறின. பதினான்கு. ஆறு. விமலாவுக்கு முப்பத்தொன்று. அவள் முகம் சுருங்கியது.

லியோனுக்குச் சுழியம்.

மெர்சலின் அறை வாசலுக்கு வந்து அந்த எண்ணையே பார்த்தாள். மற்ற முப்பது பேர் சுரங்க முகாமில் சேர்ந்திருந்தார்கள். லியோன் மட்டும் பனிமேட்டுக்கு அந்தப் பக்கம், பனியைத் துளைக்கும் மேடையில், தனியாக, தனி அலைவரிசையில்.

"சுழியம்னா ஊகிச்ச மாதிரியே பேசுறாகன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாக்கா." இசக்கி கேபிளை மறுபடி அழுத்திப் பார்த்தான். "ஒண்ணுமே வரலன்னாலும் சுழியம்தான். ரெண்டுக்கும் வித்தியாசம் இதுக்குத் தெரியாது."

"கடைசியா அவுககிட்டேருந்து எப்ப வந்துச்சு?"

அவன் பதிவுகளை உருட்டினான். விரல் நின்றது.

"ஏழு வாரம் முன்னாடி. நாற்பத்தோராயிரம் பைட்."

அந்த ஞாயிறு அவளுக்கு ஞாபகம் இருந்தது. பலகையில் அந்த எண் எரிந்ததும் கூடமே சிரித்தது. "இவ்வளவு திட்டா?" என்று விமலா வாயைப் பொத்திக்கொண்டாள். மெர்சலின் அறைக்குள் நுழையவேயில்லை. நேராக இசக்கியிடம் போனாள்.

"அதை எடுங்க. இப்பவாவது பார்க்கணும்" என்றாள் இசக்கியிடம்.

"இல்லக்கா." அவன் தலை நிமிரவில்லை. "அன்னைக்கே பலகையிலேருந்து எண் போகணும்னா படத்தையே அழிக்கணும்னேன். பரவாயில்லை, அழிங்கன்னீங்க."

அவள் கையிலிருந்த பெட்டி சாய்ந்து, மக்ரூன்கள் தரையில் உருண்டன. முன்னுணரியால் ஊகிக்க முடியாத எதையோ லியோன் பத்து நிமிடம் சொல்லியிருக்கிறான்.

அறைக்குள் திரையில் லியோனின் படம் ஓடிக்கொண்டேயிருந்தது, முடிக்கு முடி துல்லியமாக.

"வேற என்ன மெர்சி?" என்றான். பதில் சொல்ல அவள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரம் காத்திருந்தான். பிறகு சிரித்தான்.