இளநீர் குடித்தவன்

மலாக்காவின் ஜாசின் பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கியதுதான் தாமதம்... வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தேவமலர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பைக்குள் இருந்தவை அவள் பென்சிலால் வரைந்த பக்கங்கள். அவள் நனையலாம், அவை நனையக் கூடாது. மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். எது தூண், எது ஆள் என்று தெரியாமல் கடைவரிசையின் அஞ்சடி நடைபாதைக்குள் பாய்ந்தவள், நேராகப் போய் ஓர் ஆள் மீதே மோதினாள். கண்ணாடி தெறித்து விழுந்தது. அவன் தடுமாறிப் பின்னால் வைத்த காலடியில் 'கறக்' என்று ஒரு சத்தம்.

"கண்ணு தெரியலையா?" என்றான் அவன்.

"அதத்தான் நீங்க மிதிச்சிக்கிட்டு நிக்கிறீங்க," என்றாள் அவள்.

ஒரு கணம் முறைத்தான். பிறகு சிரித்துவிட்டான். ஆண்டவன் கணக்கைப் பாருங்கள், அவன் நின்றிருந்ததே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வாசல். அந்தக் கடையில் கண் பார்த்துக் கண்ணாடி செய்துகொடுப்பவனும் அவனே. பெயர் தனேஷ். மிதித்த பாவத்துக்கு அவளை உள்ளே உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்தான். இருட்டறையில், சின்ன விளக்கு வெளிச்சத்தில், அத்தனை பக்கத்தில் ஒரு முகம்... கண்ணை மூடவும் கூடாது, வேறு பக்கம் பார்க்கவும் கூடாது. இது என்னடா சோதனை என்று தவித்துப் போனாள் தேவமலர். நீளக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பூட்டியிருந்தான். கண்ணில் மட்டும் தூக்கமே பார்க்காதவனின் களைப்பு.

கண்ணாடி தயாராகும்வரை மேசையில் உலர வைத்திருந்த பக்கங்களை எட்டிப் பார்த்து, இது என்ன அவரைக்கொட்டையா என்று கேலி செய்தான். சிறுநீரகம் என்றாள். அவள் செலண்டார் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் எழுதுகிறவள். ராஜா ராணிக் கதை இல்லை, எல்லாம் உண்மைச் செய்தி. கண்ணால் பார்க்காததை எழுத மாட்டாள், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல மாட்டாள். போன மாதம் வகுப்பில், அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதான ஒரு சின்னப் பெண் கேட்டாளாம், 'டீச்சர், அந்த மெஷின் எங்கம்மாவோட ரத்தத்தக் குடிக்குதா?' என்று. இவளுக்குப் பதில் தெரியவில்லையாம். அதற்காகத்தான் இந்தப் புத்தகம்.

அவன் முகம் மாறிவிட்டது. கண்ணாடியைத் துடைத்து நீட்டினான். பக்கத்துக் கடையில் ஒரு தே தாரிக் டீ குடிக்கலாமே, நான் வாங்கித் தருகிறேன் என்று இவளாக வாய்விட்டுக் கேட்டதற்கு, "வேணாம்" என்று ஒரே சொல். திமிர் பிடித்தவன் என்று பஸ்ஸில் வழியெல்லாம் திட்டிக்கொண்டு போனாள். திட்டுகிறவள் சும்மா திட்ட வேண்டியதுதானே... அந்தக் கண்களை ஏன் நினைக்க வேண்டும்?

அடுத்த வாரம் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கே பொறுப்பிலிருந்த நர்ஸ் சுசீலா மிஸ்ஸி அன்பானவள், இயந்திரம் இயந்திரமாகக் காட்டி விளக்கிக்கொண்டே வந்தாள். ஜன்னலோர நாற்காலிக்கு வந்ததும் தேவமலரின் கால் நின்றது. நீளக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, கையில் இரண்டு குழாய்களோடு சாய்ந்திருந்தான் தனேஷ். ஒரு குழாயில் ரத்தம் போனது, மற்றதில் திரும்பி வந்தது.

"என்ன டீச்சர், படம் வரையப் போறீங்களா?" என்றான். குரலில் அத்தனை கசப்பு.

"வரையணும்தான். நீங்க சரின்னு சொன்னா."

அவன் இரண்டு நிபந்தனை சொன்னான். புத்தகத்தில் பரிதாபம் என்று ஒரு வரி வரக் கூடாது. அவன் நோய் வெளியே ஒரு மனிதருக்கும் தெரியக் கூடாது. நிச்சயம் செய்திருந்த பெண்வீட்டார், விஷயம் தெரிந்த மறுநாளே தட்டைத் திருப்பிவிட்டார்களாம். அன்றிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் இழவு வீட்டில் பேசுவதுபோல் பேசுகிறார்களாம். தேவமலர் சத்தியம் செய்துகொடுத்தாள். எத்தனை பெரிய சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அப்படித்தான் ஆரம்பித்தது. பள்ளி விட்டதும் பஸ் பிடித்து வருவாள். அவன் நாற்காலியில், இவள் பக்கத்தில் ஸ்டூலில். ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டுவாள். இது பொய், இது அதிகம், இது பிள்ளைக்குப் புரியாது என்று அவன் அடிக்கச் சொல்வான். மெஷின் ரத்தத்தைக் குடிக்காது, கழுவித் திருப்பிக் கொடுக்கும் என்ற வரிக்கு மட்டும் ஒரு சண்டையும் இல்லை. ஊசி போடுவதற்காக அறுவை செய்து இணைத்திருந்த ரத்தக்குழாய் அவன் முழங்கைக்குக் கீழே புடைத்திருந்தது. பிள்ளைகள் இதைக் கேட்பார்கள், தொட்டால் எப்படி இருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். கையை நீட்டினான். விரலை வைத்தாள்... தூங்கும் பூனையின் வயிற்றைத் தொட்டதுபோல் உள்ளே விடாமல் ஓர் அதிர்வு. எடுக்க வேண்டிய விரலை எடுக்க மறந்தாள். அவனும் நினைவூட்டவில்லை. சுசீலா மிஸ்ஸிதான் தொண்டையைக் கனைத்தாள்.

தாகம் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அவன் குடிக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கிவிடும். காலையில் மாத்திரையோடு சில மடக்கு, ராத்திரி சில மடக்கு, அவ்வளவுதான் வாழ்க்கை. எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

"மழையப் பாத்தா கோவம் வரும் டீச்சர்," என்றான்.

அந்த வரியை அவளால் புத்தகத்தில் எழுத முடியவில்லை. இன்னொரு பக்கத்தையும் எழுத முடியவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்ட கடைசிக் கேள்வி, 'எப்போ சரியாகும்?' வேறொரு சிறுநீரகம் கிடைத்தால் உண்டு, வீட்டில் யாருடையதும் பொருந்தவில்லை, பட்டியலில் பெயர் கிடக்கிறது என்று மிஸ்ஸி உதட்டைப் பிதுக்கினாள். பொய் எழுத மாட்டாள். உண்மையை எழுதக் கை வரவில்லை. இந்தப் பாவி மனசு அதற்குள் அவன்மேல் போய் விழுந்திருந்தது.

ஒளித்து மறைத்துப் பழகுவதாக அப்பா நினைத்துவிடக் கூடாதே என்று, படங்களைப் பார்க்கும் சாக்கில் அவனை வீட்டுக்கு வரச்சொன்னாள். வினை அங்கே காத்திருந்தது. அப்பா பிச்சைமுத்து செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகள்தான் உலகம். வந்தவனை உட்காரவைத்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் வாங்கி மேசையில் வைத்தான். காப்பி வந்தது. அதுவும் ஆறிப்போனது. அவர் முகம் இறுகுவதைத் தேவமலர் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவன் போன பிறகு அப்பா அந்தச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "நம்ம வீட்டுத் தண்ணி அவருக்கு ஆகாதோ?" என்றார். சின்ன வயதில், தோட்டத்து லயத்து வீட்டில், அவருடைய அப்பா கொடுத்த தண்ணீரைச் சாதி பார்த்துத் தள்ளிவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். அந்த வடு ஆறவே இல்லை. தண்ணி குடிக்காதவன் பேச்சு இந்த வீட்டில் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு வார்த்தை, ஒன்றே ஒன்று சொன்னால் போதும்... சத்தியம் அவள் வாயை அடைத்தது.

போனில் அவனிடம் கெஞ்சினாள். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"சொன்னா என்ன ஆகும்? இப்ப திமிரு பிடிச்சவன்னு நினைக்கிறாரு. அப்புறம் சாகப்போறவன்னு நினைப்பாரு. திமிரே இருக்கட்டும்லா."

அதோடு நிலையத்தில் தன் நேரத்தையும் மாற்றிக்கொண்டான். அவள் போகும்போதெல்லாம் ஜன்னலோர நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். தேவமலருக்குச் சோறு இறங்கவில்லை. பாதிப் புத்தகம் மேசையில் கிடந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பள்ளியில் சிரித்தாள், வீட்டுக்கு வந்து அழுதாள். அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் அந்நியர்போல் ஆனார்கள்.

தீபாவளி வந்தது. அவள் அடுப்படியில் முறுக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். யார் யாரோ வருவதும் போவதுமாக இருந்ததில், தனேஷ் வந்ததை அவள் அறியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தானாம். கொல்லையில் அப்பா தென்னையடியில் இருந்தார். பேச வாயெடுத்தவனைக் கையமர்த்தி, குலையிலிருந்து ஓர் இளநீரை எடுத்துச் சீவி நீட்டினாராம். "மொதல்ல இதக் குடிங்க தம்பி. அப்புறம் பேசலாம்."

அவன் குடித்தான். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இன்னொன்று சீவினார்.

தட்டோடு வெளியே வந்த தேவமலர் கண்டது இதைத்தான்... அவன் காலடியில் இரண்டு வெற்றுக் கூடுகள். அவன் தோளில் கைபோட்டு, எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரிக்கும் அப்பா. இந்த நோயாளிகள் தொடவே கூடாதவை என்ற பக்கத்தில் முதல் படமே இளநீர்தான். அதிலிருக்கும் பொட்டாசியம் கழிய வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும். அந்தப் படத்தைச் சிவப்பால் அடித்தவளே அவள்தான். தட்டு கை நழுவிப் போயிற்று.

"அப்பா... கார எடுங்க."

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் எல்லாவற்றையும் சொன்னாள். சத்தியமாவது, மண்ணாங்கட்டியாவது... பின்சீட்டில் அவன் தலை அவள் மடியில் கிடந்தது. கை கால் துவண்டு, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

பிழைத்துக்கொண்டான். ஊசிமேல் ஊசி போட்டு, ரத்தத்தைக் கழுவி, மறுநாள் பகலில்தான் பார்க்கவிட்டார்கள். அப்பா உள்ளே வர மறுத்துவிட்டார். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தபடி, இந்தக் கையாலதானம்மா வெட்டிக் குடுத்தேன் என்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டிலருகே போய் நின்றாள். அழக் கூடாது என்று வந்தவள்தான்.

"ஏன் குடிச்சீங்க?"

"உங்கப்பா கைய நீட்டினாரு. இன்னொரு தடவ வேணாம்னு சொல்ல முடியல."

"செத்துப் போயிருப்பீங்க."

"தெரியும். அந்த நேரம் அது பெருசாத் தோணல."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவன் செய்தது காதலுமில்லை, மரியாதையுமில்லை, அவள் தோளில் ஒரு பிணத்தை ஏற்றப் பார்த்த காரியம் என்று பொரிந்து தள்ளினாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். போய்விடுங்கள் டீச்சர், உங்களுக்கு நல்ல இடம் அமையும், என்னிடம் என்ன இருக்கிறது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் பொய் எழுத மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள். "சரியாயிடும்னு நான் சொல்லல. ரொம்ப காலம் இருப்பீங்கன்னும் சொல்லல. அதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு... அது மட்டும் நல்லாத் தெரியும்."

அவன் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் இயந்திரம் ஒன்று சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"இத்தன வருஷமா," என்றான் கடைசியில், சுவரைப் பார்த்தே, "ஊசி குத்துறப்பல்லாம், இன்னியோட முடிஞ்சாலும் சரின்னுதான் படுத்திருப்பேன். நேத்துகூட, குடிக்கிறப்ப அப்படித்தான். ஆனா கார்ல... உங்க மடியில... மூச்சு வரல. அப்பத்தான் மொத மொத பயம் வந்துச்சு மலர். சாகவே கூடாதுன்னு தோணுச்சு. இன்னும் அந்தப் பயம் போகல."

அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் கையைத் தேடி எடுத்து, இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள்.