நாத்தனாரின் முதலிடம்

டோங்கா தீவின் உப்பங்கழி மீது பௌர்ணமி நிலவு தன் வெள்ளிக் கிரணங்களை வாரி இறைத்துக்கொண்டிருந்த அந்த முன்னிரவில், தென்னஞ்சோலைகள் சூழ்ந்த மண்கோட்டைக்குள்ளே ஒரே கொண்டாட்டமாயிருந்தது. தலைவன் மாஃபியின் இளம் மனைவி சியாலேயின் வயிறு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. காரணம் கேட்கிறீர்களா, அன்பார்ந்த வாசகர்களே? வேறு யார், நாத்தனார்தான்!

நம் ஊர் நாத்தனார்களாவது சீர்வரிசையோடு ஓய்ந்துவிடுவார்கள். டோங்காவிலோ ஆண்மகன் எத்தனை பெரிய வீரனாயினும் அவனைவிட அவன் சகோதரியே உயர்ந்தவள். அவன் வீட்டில் எதையும் அவள் கேளாமலே எடுத்துக்கொள்ளலாம். அவள் சொல்லை அவன் தட்டக்கூடாது. அவள் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதுகூட மரியாதைக் குறைவு. அன்று சியாலேயின் மகனுக்குப் பெயர்சூட்டு விழா. முதல் ஆசனத்தில் அமர்ந்திருந்த மாஃபியின் தமக்கை லோலோஹா, சியாலே ஆசை ஆசையாகப் பின்னியிருந்த தாழைப் பாயைச் சுருட்டித் தன் தோழியிடம் கொடுத்தாள். "பரவாயில்லை" என்ற ஒற்றைச் சொல்தான் அதற்குக் கிடைத்த பாராட்டு!

விருந்து கலைந்ததும் சியாலே கணவன் முன் வந்து நின்றாள்.

"பிரபு! இந்த மாளிகைக்குத் தலைவி நானா, தங்கள் தமக்கையா? வெள்ளையர் கப்பலில் வந்த பாதிரிமார் சொன்னதைக் கேட்டீர்கள் அல்லவா? அவர்கள் நாட்டில் மனைவிக்குத்தான் முதலிடமாம்!"

தமக்கைக்குத் தலைவணங்கி அலுத்துப்போயிருந்த மாஃபிக்கும் அது தேனாக இனித்தது. மறுநாளே சங்கு முழங்க ஆணை பிறந்தது: இனி எந்தச் சகோதரிக்கும் சகோதரன் மீது உரிமையில்லை. லோலோஹாவின் முகம் வெளிறியதைக் கண்டு சியாலே அன்று வயிறார உண்டாள்.

சில நாட்களில் அக்கரைத் தீவின் தலைவன் வகா, பழைய எல்லைப் பகையைத் தீர்த்துக்கொள்ளப் போர்ப்படகுகளோடு வந்து கழியை அடைத்தான். கோட்டையில் வீரர்கள் சொற்பம். சியாலே நகைத்தாள்.

"எதற்கு அஞ்சுகிறீர்கள்? வகா என் உடன்பிறந்த தம்பி. என் வார்த்தையை மீறுவானா?"

கைக்குழந்தையோடு கரைக்கு ஓடினாள். "தம்பி! படகுகளைத் திருப்பு!"

வகா எழுந்து நின்று அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். விவரம் தெரிந்த நாள் முதல் அவன் அப்படிப் பார்த்ததே இல்லை.

"தங்கள் கணவரின் ஆணை எங்கள் தீவுக்கும் எட்டியது, அம்மணி. சகோதரிக்கு உரிமையில்லையாமே! தாங்கள் இப்போது என் எதிரியின் மனைவி. அவ்வளவுதான். விலகுங்கள்!"

சியாலே திரும்பிப் பார்த்தாள். கோட்டை வாயிலில் மாஃபி வேலோடு நின்றான்; சற்றுத் தள்ளி லோலோஹா. அவள் காலில் விழுவதைவிடக் கடலில் குதிப்பதே மேல் என்று தோன்றியது. கையிலே குழந்தை சிணுங்கியது. சியாலே நடந்து சென்று நாத்தனார் முன் மண்டியிட்டாள்.

"தேவி! என் இல்லத்தில் முதலிடம் என்றென்றும் தங்களுடையது. என் மகன் மீது ஆணை!" என்று தம்பியின் காதில் விழும்படி உரக்கச் சொன்னாள். மாஃபியும் வேலைக் கீழே போட்டுவிட்டுத் தமக்கையின் எதிரே தரையில் அமர்ந்தான்.

"என் ஆணையை விலக்கினேன்" என்றான்.

படகில் நின்ற வகாவின் பார்வை மெல்லத் தாழ்ந்தது. துடுப்புகள் திரும்பின.

லோலோஹா குனிந்து சியாலேயைத் தூக்கி நிறுத்தினாள். அந்தக் கரங்களின் கருணையைக் கண்டும் சியாலேக்குப் பற்றிக்கொண்டு வந்தது.