இன்னொருவருடைய நீர்

அந்தத் துறையில் எந்தப் படகும் தன் ஓட்டியின் சிறுநீரைச் சோதிக்காமல் கிளம்பாது. விடியற்காலையில் ஒவ்வொருவரும் தங்கள் படகில் ஏறி, 'நீரறிவான்' என்ற குழாயில் ஊற்றுவார்கள். பச்சை எரிந்தால் கடல். சிவப்பு எரிந்தால் கரை.

கடல் சூடேறி, மீன் ஆழத்துக்கு இறங்கிவிட்ட காலம் அது. ஒரு பயணம் மூன்று நாள். வியர்த்துக் கொட்டியும் குடிநீரை மிச்சம் பிடித்ததில், முப்பது வயதிலேயே பலருக்குச் சிறுநீரகம் சுருங்கிப்போனது. அதனால்தான் அந்தச் சட்டம்.

தொம்மை அதை நம்பவில்லை. முதல் வருடம் சிவப்பு எரிந்து அவன் பத்து நாள் கரையில் கிடந்தபோது, அவன் வலை போடும் இடத்தில் ஆளில்லாப் படகுகள் மீன் அள்ளின.

"நம்மள நோயாளின்னு ஒக்கார வச்சிட்டு மிசினு அள்ளிட்டுப் போவுது. இது என்ன வைத்தியம்?"

அதன்பின் ஒவ்வொரு பயணத்துக்கும் ஐஸ் ஆலைக்கார செலஸ்டினின் சிறுநீரை ஒரு பாட்டிலில் வாங்கி, கைலி மடிப்பில் மறைத்துக்கொண்டு போனான். குளிர் அறையில் உட்கார்ந்து தண்ணீராகக் குடிக்கும் உடம்பு அது.

"ஏல தொம்மை, ஒன் படக நாந்தாம்ல ஓட்டுதேன்," என்று செலஸ்டின் சிரிப்பான்.

ஆறு வருடத்தில் தொம்மையின் கால்கள் வீங்கின. சோற்றைக் கண்டாலே குமட்டியது. இரத்தம் சுத்திகரிக்கும் மிதவை மருத்துவமனை ஒருநாள் துறைக்கு வந்தது. மனைவி பிலோமி அவனை இழுத்துப் போனாள்.

வாசலில் நின்ற எந்திர மருத்துவர் பதிவைப் படித்தது. "கடந்த ஆறு வருடத்தில் அறுநூறு சோதனைகள். எல்லாம் பச்சை. நோயாளிகளுக்கு வழிவிடுங்கள்."

"இவரு காலப் பாருங்க! அமுக்குனா குழி விழுது," என்றாள் பிலோமி.

"அந்தப் பச்சையெல்லாம் எனக்குள்ளது இல்ல, செலஸ்டினுக்குள்ளது," என்று தொம்மை ஒப்புக்கொண்டான்.

"படுக்கை கிடைக்க மனிதர்கள் எதையும் சொல்வார்கள். ஆளை நம்பாதே, பதிவை நம்பு என்றுதான் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்."

"அப்ப இப்ப எடுத்துப் பாரு!"

திரைக்குப் பின்னால் போய், ஆறு வருடத்தில் முதல்முறையாகத் தன்னுடையதையே கொண்டுவந்து நீட்டினான்.

சிவப்பு எரிந்தது. எந்திரம் இரண்டாம் முறையும் சோதித்தது. பதிவோடு ஒப்பிட்டது.

"இது உங்களுடையது அல்ல," என்றது. "இதற்கு உரியவர் மிக மோசமான நிலையில் இருக்கிறார். உடனே அவரை அழைத்து வாருங்கள்."