முன்னால் போகிறவள்

காம்பஸின் முள் நடுங்கியது. ஒரு நொடிதான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல வடக்கைக் காட்டி நின்றுகொண்டது. ஊனா கையுறையால் அதன் கண்ணாடியைத் துடைத்தாள். கைபேசி மேல்சட்டைப் பையில் இல்லை, முதுகுப்பையின் அடியில் காலுறைக்குள் சுற்றிக் கிடக்கிறது. காலையிலிருந்து நான்கு முறை தொட்டுப் பார்த்துவிட்டாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இவளோ அதே அடுப்புக்குத் திரும்பி வந்திருக்கிறாள்.

மர்டோ கேட்டதை மறுக்க முடியவில்லை. "இஷ்பெல் போயி ஒரு வருஷம் ஆகப்போகுது. அவ தோட்டத்துக் கல்லு ஒண்ணைக் கொண்டுபோய் மலை உச்சியில வைக்கணும். நீயும் வா ஊனா. கடைசியா அவகூட இருந்தவ நீதானே?" செத்தவருக்காக உச்சியின் கற்குவியலில் ஒரு கல் வைக்காவிட்டால் அந்த ஊரில் யாருக்கும் மனம் ஆறாது. அதுவும் மனைவிக்கு. கல்லை வைத்தார்கள். மர்டோ குனிந்து அந்தக் குவியலில் காதை வைத்து வெகுநேரம் இருந்தான். அழுகிறான் என்று நினைத்து ஊனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆளுக்கொரு ஓட்ஸ் ரொட்டி தின்று தெற்கே இறங்கத் தொடங்கியபோது மணி இரண்டு.

காற்று மேற்கிலிருந்து வந்தது. வலக் கன்னத்தில் உப்புக்கல்லை வாரி இறைத்ததுபோலப் பனித்தூள் அறைந்தது. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை. ஈரக் கம்பளியின் நாற்றமும், குல்லாய்க்குள் தன் மூச்சே இரைந்து திரும்பி வருகிற ஓசையும், அதற்கு அடியில் வேறு யாரோ பனியை மிதிப்பதுபோன்ற நறநறப்பும் தவிர உலகத்தில் எதுவும் மிஞ்சவில்லை.

அந்த வெள்ளையில் இறங்க ஒரு முறை உண்டு. ஒருவர் முன்னால் போய், உருவம் மங்கும் இடத்தில் நின்று, திரும்பிக் கை தூக்குவார். பின்னால் காம்பஸ் வைத்திருப்பவர் இடது, வலது என்று கத்தி அவரை நேராக நிறுத்துவார். பிறகு தானும் போய்ச் சேர்ந்துகொள்வார். முன்னால் போகிறவரின் உயிர் பின்னால் நிற்பவரின் வாயில் இருக்கிறது. இடப்பக்கம் செங்குத்துப் பாறை. அதன் விளிம்பைத் தாண்டியும் காற்று பனியைக் கூரைத் தாழ்வாரம்போல நீட்டிக் கட்டியிருக்கும். பார்வைக்கு அதுவும் தரைதான்.

போன வருடம் சிவப்புச் சட்டையில் முன்னால் போனவள் இஷ்பெல். இருபது வருடச் சிநேகிதி. காம்பஸ் ஊனாவின் கையில், கைபேசி அவள் நெஞ்சுப் பையில். கைபேசியின் காந்தம் முள்ளைத் தன் பக்கம் இழுத்ததை அவள் கவனிக்கவில்லை. "இடது! இன்னும் இடது!" என்று கத்தினாள். இஷ்பெல் நம்பி நகர்ந்தாள். விளிம்புப் பனி அவளோடு உடைந்து விழுந்தது. மீட்புக்குழுவிடம் ஊனா சொன்னது வேறு. அவளாகவே விலகிப் போய்விட்டாள் என்றாள். மர்டோவிடமும் அதையேதான் சொன்னாள். வெட்கக்கேடு. இன்று அவனையாவது பத்திரமாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

மர்டோவின் மஞ்சள் சட்டை முன்னால் போயிற்று. மங்கியது. அடுத்த முறை தெரிந்தபோது உருவம் நின்று கை தூக்கியிருந்தது.

"வலது! ரெண்டடி வலது!"

உருவம் இடப்பக்கம் நகர்ந்தது.

"வலதுன்னா வலது, மர்டோ! காது அடைச்சுப்போச்சா?"

"யாரைத் திட்டுற?"

குரல் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மர்டோ மண்டியிட்டு, பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் கட்டும் இரும்புப்பல்லை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"இது கழண்டுடுச்சுன்னு பாதியிலேயே திரும்பிட்டேனே. உன்னைத் தாண்டித்தான வந்தேன். கனவா கண்டுட்டிருந்த?"

ஊனா முன்னால் பார்த்தாள். உருவம் அங்கேயே நின்றது. கை தூக்கியபடி. சட்டை மஞ்சள் இல்லை. சிவப்பு.

அவள் குனிந்து பனியில் ஓர் உருண்டை பிடித்தாள். விளிம்பு தெரியாதபோது எல்லோரும் செய்வதுதான். விழுந்த இடத்தில் தடம் தெரிந்தால் தரை. எறிந்தாள். உருண்டை சிவப்புச் சட்டையின் காலருகே போயிற்று. தடம் இல்லை.

"இடதா, வலதா? சீக்கிரம் சொல்லுடி. கை விறைக்குது."

இஷ்பெலின் அதே குரல். அதே சலிப்பு. மர்டோ எழுந்தான். சிவப்பை நோக்கி நடந்தான்.

"போகாத! அங்க தரை இல்ல! மர்டோ, நான்தான்... போன் என் பையில இருந்துச்சு. முள்ளு தப்பாக் காட்டுச்சு. இடதுன்னு சொன்னது நான்தான். அவளாப் போகல!"

மர்டோ நின்றான். திரும்பினான். இமையெல்லாம் பனி. முகத்தில் கோபமே இல்லை.

"தெரியும்மா," என்றான். "கல்லு வைக்கும்போதே அவ சொல்லிட்டா."

போனான். அலறல் இல்லை. எதுவும் உடையவில்லை. காற்று மட்டும்.

வெள்ளை கொஞ்சம் விலகியது. உருண்டை தடம் பதிக்காத இடத்தில் சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தன. இரண்டு கைகள் உயர்ந்திருந்தன.

காம்பஸ் முள் மெதுவாகச் சுற்றி, அவர்களைக் காட்டி நின்றது.

"சொல்லு, ஊனா."

சொன்னதும் பின்னால் நிற்பவள் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். அதுதான் முறை. ஊனா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆனாலும் அவளுக்குப் பின்னால், மிக அருகில், அவளுடைய குரலிலேயே யாரோ கத்தினார்கள்.

"இடது! இன்னும் இடது!"

அவள் கால் நகர்ந்தது.