சில்லைகளுக்குப் பால்

கூண்டுக்குள் அந்தச் சில்லைக்குருவி இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. குச்சியை விட்டு எழும்பியதும் நேராகப் போகத் தெரியாமல் ஒரு வட்டம், கம்பியில் ஒரு மோதல், மறுபடியும் வட்டம். தலை ஒரு பக்கம் சாய்ந்து கழுத்து திருகிப்போயிருந்தது. அங்காளம்மாள் கையை விட்டு அதைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு கண் வீங்கி மூடி, மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரல் பட்டதும் பொருக்கு பிய்ந்து, சளி போல ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது.

அவள் ஏரிக்கு அக்கரைப் பசியாவரத்துக்காரி, மீனவப் பெண். மீன் வயிற்றைக் கிழித்துக் குடலை வழித்தெறிந்துவிட்டு, கையைக் கழுவியும் கழுவாமலும் சோற்றில் உட்காருபவள். அவளே விரலைச் சேலையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டாள்.

பழவேற்காட்டுக் கோட்டையை ஒட்டிய அந்த ஒல்லாந்தர் வீட்டுக்கு அவள் பால் கொடுக்கத்தான் வந்தாள். அந்த வீட்டுத் துரைசானி பெற்ற குழந்தை மாசியில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. அதற்குப் பிறகும் துரைசானி அவளை அனுப்பவில்லை. தன் கைக்குழந்தை பச்சைமுத்துவை அடுக்களை ஓரமாகத் தூளியில் போட்டுக்கொள்ளலாம், சாப்பாட்டுக்கும் குறைவில்லை என்று அவளும் இருந்துவிட்டாள். வேலை என்று பார்த்தால் இந்தக் குருவிகள்தான். அனுப்பம்பட்டு வயலில் வலை விரித்துப் பிடித்து வந்த கட்டைவிரல் பருமன் சிவப்புச் சில்லைகள். செத்த பிள்ளைக்கு வைத்திருந்த கொஞ்சலையெல்லாம் துரைசானி இவற்றின்மேல் கொட்டினாள்.

துரைசானியின் பேச்சைத் தமிழில் சொல்பவள் சமையற்காரி செசிலியா. அன்றும் அவள்தான் வந்து நின்றாள்.

"கண்ணு நோவுக்குத் தாய்ப்பால் வுடுவாங்கனு நான்தான் வாய வச்சிக்கினு இருக்காம சொல்லிட்டேன். துரைசானி உன்ன வுடச் சொல்லுது."

"குருவிக்கா?"

"இன்னா பண்றது. வாசப்படியில நின்னு பாத்துக்கினு கீது பாரு. வுட்டுடு."

ஊரில் யாருக்குக் கண் நொந்தாலும் அங்காளம்மாள் சங்கில் பீய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். அதில் அவளுக்குக் கூச்சமில்லை. சங்கை எடுத்தாள். துரைசானி வேண்டாமென்று தலையசைத்து, குருவியைத் தானே வாங்கி, அங்காளம்மாளின் மார்போடு வைத்து அழுத்தினாள். பொருக்குக் கண் காம்பில் பட்டது. சூடு. பிசுபிசுப்பு. ஒரு துளி இமைமேல் விழுந்ததும், கண்ணின் மூலையிலிருந்து தையல் நூலின் நுனி போல வெள்ளையாக ஒன்று நிமிர்ந்து வந்து துளியைத் தொட்டது. துளி வற்றியது. நுனி உள்ளே போய்விட்டது.

பீளைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிணற்றடியில் தோல் எரிகிற மட்டும் மார்பைத் தேய்த்துக் கழுவினாள். தூளியில் பச்சைமுத்து பசித்துக் கத்தினான். எடுத்துக் கொடுத்தாள். வேறென்ன செய்வாள்.

மறுநாள் எல்லாக் குருவிகளுக்கும் கண் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலுக்குச் சன்னல்களைச் சாத்திய அந்த அறையில், தினை உமியும் எச்சமும் புளித்த பாலும் சேர்ந்து நாறும் புழுக்கத்தில், அத்தனையும் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் பறக்க, இறகுகள் கம்பியில் உரசும் சத்தம் கூடத்துக்கே கேட்டது. அவள் உள்ளே கால் வைத்தாள். சத்தம் நின்றது. குருட்டுத் தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. ஒவ்வொன்றாக வந்து கம்பியைப் பற்றிக்கொண்டன. ஒன்று மட்டும் மெல்லக் கீச்சிட்டது.

அவள் மார்பு சுரந்தது.

பிள்ளை அழுதால் சுரக்கும் பால். ரவிக்கையில்லாத மாராப்பு நனைந்து வயிற்றில் வழிந்தது. தன் உடம்பே அவளுக்கு அசிங்கமாகத் தோன்றியது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட முடிந்தால் ஓடியிருப்பாள். தூளியிலிருந்து பிள்ளையை வாரிக்கொண்டு புறக்கடை வழியாக இறங்கினாள்.

"எங்க போற? கேட்டா இன்னா சொல்றது?" என்றாள் செசிலியா.

"பால் வத்திப்போச்சினு சொல்லு."

ஏரியைத் தாண்டும்வரை பச்சைமுத்து தோளில் தூங்கினான். குடிசையில் இறக்கியபோதுதான் பார்த்தாள். ஒரு கண் ஒட்டியிருந்தது. புருஷன் தருமலிங்கம் வலையைத் தோளில் போட்டபடி குனிந்து பார்த்தான்.

"காத்துல மண்ணு அடிச்சிருக்கும். ரெண்டு சொட்டு பால் வுடு, சரியாப்பூடும்."

"மாட்டேன்."

"இன்னாடி, ஊருக்கெல்லாம் குடுக்கற. பெத்த புள்ளைக்குக் குடுக்க மாட்டியா?"

அவன் படகுக்குப் போய்விட்டான்.

வெந்நீரில் துணி நனைத்து அந்தக் கண்ணைத் துடைத்தாள். ஒரு சொட்டுப் பால்கூட அதில் படக்கூடாது, அது போதும், பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தாள். ஆனால் காலையிலிருந்து அவன் எதுவும் குடிக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவளுக்கோ பால் கட்டி மார்பு விண்ணென்று தெறித்தது. மடியில் கிடத்தி வாயில் காம்பை வைத்தாள். வாய் திறக்கவில்லை.

"குடிடா ராசா."

தலை இடப்பக்கம் திரும்பியது. மறுபடி வைத்தாள். மறுபடி திரும்பியது.

"நைனா, வாயத் தொறடா."

கழுத்து நிற்காத பிள்ளை. தலையைத் தூக்கினான். தானாக. காம்பைத் தேடினான். மூடிய கண்ணைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தான்.

பிள்ளையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

கண்ணுக்குள் ஏதோ சப்பியது. பால் இறங்கியது.

பச்சைமுத்துவின் உதடுகள் காய்ந்து ஒட்டியிருந்தன. தொண்டை அசையவே இல்லை. மூடிய இமை மட்டும் புடைத்தும் தாழ்ந்தும் விழுங்கிக்கொண்டிருந்தது.